அமெரிக்காவில் பணத்தைப் பறிகொடுத்தவர் பார்க்க வேண்டிய தேதி

அமெரிக்காவில் காரில் கட்டுக்கட்டாக ரொக்கம் இருந்து, அது போதைப்பொருள் பணம் என்று போலீஸ் சந்தேகப்பட்டால் எடுத்துக்கொண்டு போய்விடலாம். உங்களைக் கைது செய்ய வேண்டும் என்றுகூட இல்லை. இதற்கு சிவில் பறிமுதல் என்று பெயர். வழக்கு ஆள்மீது அல்ல, பொருள்மீது. 'அமெரிக்க அரசு எதிர் 1,24,700 டாலர் ரொக்கம்' என்று நிஜமாகவே ஒரு வழக்கு நடந்தது!

பறித்தது ஃபெடரல், அதாவது மத்திய அரசுத் துறை என்றால் பொதுவாக 60 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும். உள்ளூர் போலீஸ் பறித்து அவர்களிடம் ஒப்படைத்திருந்தால் 90 நாள். பலர் கோட்டை விடுவது இந்த நோட்டீஸில்தான். அதில் இரண்டு வழி இருக்கும். பொருளைத் திருப்பித் தரும்படி சலுகை கேட்டு மனுப் போடலாம். அதைப் பரிசீலிப்பது பெரும்பாலும் பறித்த அதே துறைதான். அல்லது 'இது என் சொத்து' என்று உறுதிமொழியுடன் உரிமை கோரலாம். உரிமை கோரினால் பொதுவாக 90 நாளுக்குள் அரசு கோர்ட்டுக்குப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் பொருளை விட வேண்டும். பிணைத்தொகை கட்டத் தேவையில்லை. கடைசித் தேதி நோட்டீஸிலேயே இருக்கும். கடிதம் அனுப்பிய நாளிலிருந்து குறைந்தது 35 நாள் தருவார்கள். அதைத் தவறவிட்டால் எந்த நீதிபதியும் பார்க்காமலே சொத்து அரசுக்குப் போய்விடும்.

2000-இல் வந்த சீர்திருத்தச் சட்டத்துக்கு முன்பு, சொத்து குற்றமற்றது என்று உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தப் பொறுப்பு அரசுடையது. தனக்குத் தெரியாமல் குற்றம் நடந்தது என்று காட்டினாலும் சொத்து தப்பும். ஆனால் இலவச வக்கீல் உறுதியாகக் கிடைப்பது, குடியிருக்கும் வீட்டையே இழக்கவிருக்கும் வசதியற்றவருக்குத்தான்.

என்னைக் கேட்டால், கோளாறின் வேர் பணம் போகும் இடத்தில் இருக்கிறது. ஃபெடரலுடன் சேர்ந்து பறிக்கும் உள்ளூர் போலீஸுக்கு 80 சதவீதம் வரை பங்கு கிடைக்கும். பறிப்பவருக்கே பங்கு என்றால் கை சும்மா இருக்குமா?

ஃபேர் (FAIR) என்ற சீர்திருத்த மசோதா அந்தப் பங்கை நிறுத்தி, பணத்தை அரசின் பொதுக் கருவூலத்துக்கு அனுப்பச் சொல்கிறது. கோர்ட் இல்லாத பறிமுதலே கூடாது, அரசு காட்டும் ஆதாரமும் இன்னும் வலுவாக இருக்க வேண்டும் என்கிறது. 2023-இல் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழு 26-0 என்று ஒருமனதாக ஏற்றும், அந்த நாடாளுமன்றத்தின் காலத்தில் அது சட்டமாகவில்லை.

மேலே சொன்ன கெடுவெல்லாம் ஃபெடரல் பறிமுதலுக்கு. மாநிலச் சட்டப்படி பறித்திருந்தால் விதி வேறு. நியூ மெக்சிகோ 2015-லேயே சிவில் பறிமுதலை ஒழித்துவிட்டது. அங்கே குற்றத் தீர்ப்பு வந்தாக வேண்டும். ஆகவே நோட்டீஸ் கைக்கு வந்ததும், அனுப்பியது யார் என்பதை முதலில் பாருங்கள்.