பாஸ்கா மறைபொருள்: சொல் வந்த வழியும் அது சுட்டும் வாழ்வும்

கிறிஸ்துவின் பாடுகள், இறப்பு, உயிர்ப்பு ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்துச் சொல்லத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் தொடர் ‘பாஸ்கா மறைபொருள்’ என்பதாகும். மறையுரைகளிலும் மறைக்கல்வி நூல்களிலும் அடிக்கடி வரும் இத்தொடரைக் கேட்போரில் பலர், அது வழிபாட்டு நூலுக்குள் இருக்கவேண்டிய கலைச்சொல் என்று எண்ணி அங்கேயே விட்டுவிடுகிறார்கள். இதை அன்றாட வாழ்வில் வாழ்ந்து காட்டுங்கள் என்று அவர்களிடம் சொல்லும்போது, எப்போதோ நடந்து முடிந்த நிகழ்ச்சிகளை ஒருவர் இன்று எப்படி வாழ்வது என்ற கேள்வி நியாயமாகவே எழுகிறது. சொல்லின் வேரைத் தேடிப் போனால் இக்கேள்விக்கு விடை கிடைக்கிறது. அவ்விடையின் பெரும்பகுதி, நாம் நாள்தோறும் புழங்கும் தமிழ்ச் சொற்களுக்குள்ளேயே கிடக்கிறது.

பாஸ்கா என்பது முதலில், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரயேலர் விடுதலை பெற்றதை நினைவுகூரும் யூத விழா. எபிரேய மொழியில் அவ்விழாவின் பெயர் ‘பெசாக்’. அதன் அரமேய வடிவத்தைக் கிரேக்கர் மொழிபெயர்க்காமல் ஒலியோடு எடுத்துக்கொண்டு ‘பாஸ்கா’ என்றனர்; இலத்தீனும் அதையே ஏற்றது. தமிழில் பழைய மொழிபெயர்ப்பான பரிசுத்த வேதாகமம் ‘பஸ்கா’ என்றும், 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் ‘பாஸ்கா’ என்றும் எழுதுகின்றன. விடுதலைப் பயண நூலின் 12-ஆம் அதிகாரத்தில் இச்சொல்லின் முதற்பொருளைக் காண்கிறோம். குறைபாடற்ற, ஒரு வயதான ஆட்டுக்கிடாய் மாதத்தின் 14-ஆம் நாள் மாலையில் அடிக்கப்படுகிறது; அதன் இரத்தம் ஈசோப்புக் கொத்தால் வாயில் நிலைகளில் தெளிக்கப்படுகிறது; எகிப்தியரின் தலைப்பிள்ளைகள் சாகும் அந்த இரவில், இரத்தம் கண்ட வீட்டைத் தாக்காமல் ஆண்டவர் ‘கடந்து செல்கிறார்’. அந்த இரவின் உணவை எப்படி உண்ணவேண்டும் என்பதற்கும் கட்டளை இருக்கிறது: இடையில் கச்சை கட்டியிருக்கவேண்டும், காலில் செருப்பு இருக்கவேண்டும், கையில் கோல் இருக்கவேண்டும், விரைவாக உண்ணவேண்டும். புறப்பட ஆயத்தமாக நிற்பவர்களின் உணவு அது.

‘பெசாக்’ என்பதோடு தொடர்புடைய வினைக்குத் தாண்டிச் செல்லுதல் என்ற பொருள் மட்டும் இல்லை. எசாயா 31:5-இல் அவ்வினை, பறவைகள் வட்டமிட்டுக் காப்பதுபோல் எருசலேமைக் காத்துத் தப்புவித்தலைக் குறிக்கிறது. அதே எழுத்துகள் கொண்ட வினை, இறைவாக்கினர் எலியா கார்மேல் மலையில் மக்களைக் கடியும்போது ‘குந்திக்குந்தி நடப்பது’ என்ற பொருளில் வருகிறது. இவை ஒரே வேரா, வெவ்வேறு வேர்களா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. காத்தலும் கடத்தலும் அச்சொல்லில் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன என்பது நமக்குப் போதும்.

கடப்பவர் யார்? முதலில் கடவுள், அவர் இஸ்ரயேலரின் வீடுகளைக் கடந்து செல்கிறார். பின்னர் மக்கள், அவர்கள் கடலைக் கடக்கிறார்கள். முதல் நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்சாந்திரியாவின் யூத மெய்யியலாளர் பிலோ, இவ்விழாவைக் ‘கடத்தலின் விழா’ என்றே கிரேக்கத்தில் விளக்கினார். இரண்டாம் நூற்றாண்டில் சர்தை நகர ஆயர் மெலித்தோன் வேறொரு வழியில் சென்றார். ‘பாஸ்கா’ என்னும் ஒலி, துன்புறுதலைக் குறிக்கும் ‘பாஸ்கேயின்’ என்னும் கிரேக்க வினையை ஒத்திருப்பதைக் கண்டு, பாஸ்கா என்றால் பாடுபடுதல் என்று அவர் மறையுரையாற்றினார். ‘பாஸ்காவின் மறைபொருள்’ என்ற சொற்சேர்க்கையும் அவருடைய உரையிலேயே இருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் இறையியலாளர் ஒரிஜன் இதை மறுத்து, இது எபிரேயச் சொல், இதன் பொருள் கடத்தல் என்று திருத்தினார். மொழிநூல்படி ஒரிஜன் சொன்னதே சரி. ஆனால் மெலித்தோனின் பிழையை முற்றிலும் வீண் என்று தள்ளிவிட முடியவில்லை. இரு பொருளையும் இணைத்துக் காட்டியவர் புனித அகுஸ்தீனார். பாஸ்கா என்பது கடத்தல்தான், கிறிஸ்து கடந்தது பாடுகளின் வழியாகத்தான் என்று அவர் விளக்கினார். யோவான் நற்செய்தி 13:1 அவருக்குத் துணை நின்றது. பாஸ்கா விழாவுக்கு முன், தாம் இவ்வுலகத்தைவிட்டுத் தந்தையிடம் ‘கடந்துசெல்லும்’ நேரம் வந்துவிட்டதை இயேசு அறிந்திருந்தார் என்கிறது அவ்வசனம்.

இனி ‘மறைபொருள்’. கிரேக்கத்தில் ‘மிஸ்டேரியோன்’. இலத்தீனில் இது இரு கிளையாகப் பிரிந்தது. ஒரு கிளை, திருமுழுக்கு, நற்கருணை போன்ற சடங்குகளைக் குறிக்கும் நம்முடைய ‘அருளடையாளம்’ என்னும் வழக்கிற்கும், மற்றொன்று ‘மறைபொருள்’ என்னும் வழக்கிற்கும் வந்து சேர்ந்தது. பழைய தமிழில் இதை ‘இரகசியம்’ என்றார்கள். செபமாலையில் ‘தேவ இரகசியம்’ என்று சொல்லிப் பழகியவர்கள் இன்றும் உண்டு. எனக்கு இச்சொல்லில் ஒரு குறை தென்படுகிறது. இரகசியம் என்றால் பிறருக்குத் தெரியாமல் காக்கவேண்டிய ஒன்று. பவுல் சொல்லும் மிஸ்டேரியோனோ நேர்மாறானது: ஊழிகாலமாக மறைந்திருந்து இப்போது வெளிப்படுத்தப்பட்ட கடவுளின் திட்டம் அது, அதன் உள்ளடக்கம் ‘கிறிஸ்து உங்களுக்குள் இருக்கிறார்’ என்பதே என்று கொலோசையருக்கு எழுதுகிறார் (1:26-27). ‘மறை’ என்னும் தமிழ்ச் சொல் ஒளித்தலையும் குறிக்கும், ஓதப்படும் வேதத்தையும் குறிக்கும். மறைந்திருந்ததும் வாய்விட்டு ஓதப்படுவதும் ஒரே சொல்லில் அடங்குவதால், ‘மறைபொருள்’ மிகப் பொருத்தமான ஆக்கம். ‘மறைநிகழ்வு’ என்று எழுதுவோரும் உண்டு. நடந்த செயல் என்பதை அது நன்றாகக் காட்டுகிறது, ஆயினும் முடிந்துபோன செயல் என்ற எண்ணத்துக்கு இடம்கொடுக்கிறது.

இத்தொடர் இருபதாம் நூற்றாண்டில் திருச்சபையின் நடுவிடத்துக்கு வந்தது. 1963 டிசம்பர் 4 அன்று கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டின் 5-ஆம் பிரிவு, கிறிஸ்து தம் பாடுகள், உயிர்ப்பு, விண்ணேற்றம் ஆகியவை அடங்கிய பாஸ்கா மறைபொருளால் மீட்பை நிறைவேற்றினார் என்கிறது. அதே ஏட்டின் 61-ஆம் பிரிவு, நம்பிக்கையாளரின் வாழ்வில் நடக்கும் ஏறத்தாழ எல்லா நிகழ்ச்சிகளும் இம்மறைபொருளிலிருந்து சுரக்கும் அருளால் புனிதமடைகின்றன என்கிறது. அன்றாட வாழ்வுக்கான கதவு அங்கே திறந்திருக்கிறது.

இனித் தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். இவ்விடத்தில் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன்.

கிறிஸ்துவின் துன்பங்களை நாம் ‘பாடுகள்’ என்கிறோம். ‘படு’ என்னும் வினையிலிருந்து வந்தது ‘பாடு’. தமக்கு நேர்வதை ஏற்று அனுபவித்தல் என்பது அதன் உட்கிடை. ‘அடிக்கப்பட்டார்’, ‘ஒப்புவிக்கப்பட்டார்’ என்று செயப்பாட்டு வினையை ஆக்குவதும் இதே ‘படு’தான். மெலித்தோன் எண்ணிய கிரேக்க வினைக்கு இதைவிட நெருக்கமான தமிழ் இல்லை. ஆனால் தமிழில் இச்சொல் அங்கே நிற்பதில்லை. ‘பிள்ளைகளை ஆளாக்கப் பாடுபட்டார்’ என்கிறோம். ‘பட்ட பாடு வீண்போகவில்லை’ என்கிறோம். பட்டுப் பெறும் அறிவைப் ‘பட்டறிவு’ என்கிறோம். உழைப்பும் துன்பமும் அனுபவமும் ஒரே வேரில் நிற்கின்றன. ஆண்டவருடைய பாடுகளைச் சொல்லவும் ஓர் எளிய உழைப்பாளியின் நாளைச் சொல்லவும் நம்மிடம் இருப்பது ஒரே சொல்.

அடுத்தது ‘இறப்பு’. இன்று இதற்குச் சாவு என்ற பொருள் மட்டுமே நினைவுக்கு வருகிறது. பழந்தமிழில் ‘இறத்தல்’ என்பதன் முதற்பொருள் கடத்தல். பாலைநிலத்தைக் கடந்து செல்வதைச் ‘சுரம் இறத்தல்’ என்று அகப்பாடல்கள் சொல்லும். ‘இறந்த காலம்’ என்பதும் ‘கடந்த காலம்’ என்பதும் ஒன்றே. ‘பொறுத்தல் இறப்பினை என்றும்’ என்ற குறளில் (152) இறப்பு என்பது பிறர் வரம்பு கடந்து செய்த பிழை. எபிரேயச் சொல்லுக்கும் இதற்கும் பிறப்பில் உறவு ஏதும் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். ஆயினும் பொருளால், பாலைவழியே நடந்த மக்களின் பாஸ்காவையும் சிலுவையில் நேர்ந்த சாவையும் ஒருங்கே தாங்கக்கூடிய ஒரு சொல் தமிழில் முன்பே இருந்திருக்கிறது. ‘மரணம்’ என்னும் சொல்லில் இந்த நடை இல்லை. அது ஒரு முற்றுப்புள்ளி. இறப்பு என்பதில் ஒருவர் நடந்துகொண்டிருக்கிறார்.

மூன்றாவது ‘உயிர்ப்பு’. உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல். பெருமூச்சை ‘நெட்டுயிர்ப்பு’ என்பார்கள். கிரேக்கச் சொல்லான ‘அனஸ்தாசிஸ்’ எழுந்து நிற்றலை மட்டுமே காட்டும். தமிழில் ‘உயிர்த்தெழுதல்’ என்னும்போது முதலில் மூச்சு வருகிறது, பிறகு எழுச்சி வருகிறது. உயிர்த்த ஆண்டவர் பூட்டிய அறைக்குள் சீடர்முன் நின்று செய்த முதற்செயல்களுள் ஒன்று அவர்கள்மேல் ஊதியது என்று யோவான் எழுதுகிறார் (20:22). தம் உயிர்ப்பை அவர்களுக்குள் ஊதினார் என்று தமிழில் சொன்னால், அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இப்போது அன்றாட வாழ்வு. நாள்தோறும் தம் சிலுவையைத் தூக்கிக்கொண்டு பின்பற்றவேண்டும் என்ற வாக்கில், ‘நாள்தோறும்’ என்ற சொல்லை லூக்கா மட்டுமே (9:23) தருகிறார். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 6-ஆம் அதிகாரத்தில், திருமுழுக்கு பெற்றோர் கிறிஸ்துவோடு அடக்கம் செய்யப்பட்டுப் புதுவாழ்வில் நடக்க எழுப்பப்பட்டவர்கள் என்று பவுல் காட்டுகிறார். ஆகவே கிறிஸ்தவர் பாஸ்காவை வெளியிலிருந்து பார்த்துப் போலச் செய்பவர் அல்லர். திருமுழுக்கிலேயே அந்தக் கடத்தலுக்குள் இறங்கிவிட்டவர். ‘பாஸ்காவைக் கடைப்பிடித்தல்’ என்பதைவிடப் ‘பாஸ்காவில் பங்குபெறுதல்’ என்பதே சரியான வழக்கு என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

படுக்கையில் விழுந்த கணவரை இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். முதுகில் புண் வராதிருக்க ஈரத்துணியால் துடைத்து உலர்த்துகிறார். விரிப்பின் சுருக்கத்தைக் கையால் நீவிவிடுகிறார். மறுபடியும் விளக்கை அணைக்கிறார். ஒருநாள் குணமாவார் என்ற எதிர்பார்ப்பு அவரிடம் முன்பே போய்விட்டது. ஒரு நன்றிச் சொல்லாவது வரும் என்ற எதிர்பார்ப்பும் மெல்லப் போய்விட்டது. போனவை உண்மையிலேயே போய்விட்டன, அவை திரும்பாது. ஆயினும், கடமையாகத் தொடங்கிய அந்தக் கைகளில் எங்கோ ஒரு கட்டத்தில் அன்பு மட்டுமே எஞ்சியிருப்பதை அவரே கண்டு வியக்கிறார். கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிந்தால் மிகுந்த பலன் தரும் என்று ஆண்டவர் சொன்னது (யோவான் 12:24) இத்தகைய பலனையும் சேர்த்துத்தான் என்று நம்புகிறேன்.

சொத்துப் பிரிவினையில் பேச்சு நின்றுபோன உடன்பிறந்தார் இருவரில் ஒருவர் முதலில் பேசத் துணியும்போது நடப்பதும் இதுவே. மற்றவர் செய்த இறப்பைப் பொறுக்கவேண்டுமானால், ‘நான் சொன்னதே சரி’ என்ற பிடிப்பு தமக்குள் இறக்கவேண்டும். குறள் சொல்லும் இறப்பும் சிலுவை காட்டும் இறப்பும் மன்னிப்பில் சந்திக்கின்றன.

ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விடுவது தவறு. ‘அது உன் சிலுவை, சுமந்துகொள்’ என்று, அடிபடுகிறவரிடமும் ஏமாற்றப்படுகிறவரிடமும் சொல்லும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. இது பாஸ்காவின் பொருளுக்கே மாறானது. ‘என் உயிரை என்னிடமிருந்து பறிப்பவர் எவருமில்லை, நானாகவே கொடுக்கிறேன்’ என்பது கிறிஸ்துவின் வாக்கு (யோவான் 10:18). கைதாவதற்கு முன் கெத்சமனித் தோட்டத்தில் அவர், இத்துன்பக் கிண்ணம் நீங்கட்டும் என்று முதலில் கேட்டார். துன்பத்தைத் துன்பத்துக்காக நாடவில்லை. முதல் பாஸ்காவோ, அடிமைப்படுத்தியவனிடமிருந்து மக்களை வெளியேற்றிய இரவு. ஒருவரைக் கொடுமைக்குள் இருத்திவைக்கும் அறிவுரைக்குப் பாஸ்கா என்ற பெயர் பொருந்தாது. வெளியேற அவருக்குத் துணை நிற்பதே பாஸ்கா.

பிலிப்பியர் 3:10-இல் பவுல் வைக்கும் வரிசையையும் கவனிக்கவேண்டும். அவர் முதலில் உயிர்த்தெழுதலின் வல்லமையையும், அதன்பின் பாடுகளின் ஐக்கியத்தையும் வைக்கிறார். காலவரிசைப்படி பாடுகள் முந்தியவை. வாழ்வதற்கோ உயிர்ப்பின் வல்லமை முந்தியிருக்கவேண்டும், அது இல்லாமல் பாடுகளைத் தாங்கும் வலிமை எவருக்கும் இல்லை. உயிர்த்த உடலில் ஆணித் தழும்புகள் அழியாமல் இருந்தன என்பதும் இதோடு சேர்ந்தது. கடந்து வந்தது எதுவோ அதன் தடம் கடந்தவரிடம் இருக்கும்.

தனித்தமிழ் நிகரன் வேண்டுமா என்றால், என் முடிவு இது: விழாவின் பெயராகப் ‘பாஸ்கா’ அப்படியே இருக்கட்டும். ‘கடத்தல்’ என்னும் பெயர்ச்சொல் இன்று ஆட்கடத்தலையே நினைவூட்டுவதால் பயன்படாது. ‘கடப்பு’ என்றால் எவருக்கும் விளங்காது. விளக்கும்போது ‘கடந்துசெல்லல்’ என்று வினையாகச் சொல்வதே நல்லது. கூடவே பாடு, இறப்பு, உயிர்ப்பு என்ற மூன்று சொற்களையும் துன்பம், மரணம், உயிர்த்தெழுதல் என்று மாற்றாமல் அப்படியே ஆளவேண்டும்.

இறப்பு அறிவித்தல்களில் கிறிஸ்தவர் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்றும் ‘ஆண்டவரில் இளைப்பாறினார்’ என்றும் எழுதுவர். ‘இறந்தார்’ என்று எழுதினால் கடுமையாக ஒலிக்குமோ என்று தயங்குவார்கள். பழந்தமிழில் அச்சொல்லுக்குக் ‘கடந்துசென்றார்’ என்று பொருள்.