கடல் மட்டும் நடிக்கவில்லை

இங்கிலாந்தின் தென்கரையில் பிரைட்டனை ஒட்டி ஹோவ் என்றொரு ஊர். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே இரண்டு பேர் சினிமாவின் அரிச்சுவடியை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மருந்துக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் வில்லியம்சன். இன்னொருவர் ஊரில் ஒரு பூங்காவை நடத்திவந்த ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித். ஸ்மித்தின் மனைவி லாரா பெய்லி மேடையில் நகைச்சுவை வேடம் கட்டியவர்; கணவரின் பல படங்களில் அவர்தான் நாயகி. பிரைட்டனுக்கு லண்டனிலிருந்து 1841-லேயே ரயில் வந்துவிட்டதால், ஏழாம் எட்வர்டு மன்னர் காலத்தில் விடுமுறை நாளென்றால் கரை முழுக்கக் கூட்டம். வேடிக்கைப் படம் எடுக்க வேறென்ன வேண்டும்?

வெளிச்சம் வேண்டும். அன்றைய பிலிமுக்கு அதுதான் முதல் தேவை. பிலிமில் பூசிய வெள்ளி உப்பில் ஒளித்துகள் பட்டு ரசாயன மாற்றம் தொடங்க ஓரளவு ஆற்றல் தேவை. நீல ஒளிக்கும் புற ஊதாவுக்கும் அந்த ஆற்றல் உண்டு, சிவப்புக்குக் கிடையாது. கடற்கரையில் திறந்த வானமும் தண்ணீரும் மணலும் சேர்ந்து நீல ஒளியை வாரி இறைக்கின்றன. அதனால்தான் அந்தப் படங்களில் வானம் மேகமே இல்லாமல் வெள்ளையாகக் கிடக்கும். வெயிலில் சிவந்த முகம் கறுத்துத் தெரியும்.

சரி, சிரிப்பு எங்கிருந்து வந்தது? பாதி நடிகரிடமிருந்து, மீதி கேமராவின் கைப்பிடியிலிருந்து. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் எட்டுப் படங்கள் பதிவாகும். நொடிக்கு இரண்டு சுற்று, ஆக 16 படங்கள். நொடிக்கு ஒரே சுற்று சுற்றிவிட்டு, திரையில் பழைய வேகத்திலேயே ஓட்டினால் எல்லாம் இருமடங்கு வேகமாக நடக்கும். ஆனால் வேகம் இருமடங்கானால் முடுக்கம் நான்கு மடங்காகும். அதாவது, திரையில் இருப்பவர்கள் பூமியைப்போல நான்கு மடங்கு ஈர்ப்பு உள்ள உலகத்தில் விழுகிறார்கள். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர நமக்கு ஏறக்குறைய 0.45 நொடி ஆகும். அவர்களுக்கு அதில் பாதிதான். விழுந்தவர் பொத்தென்று பொம்மைபோல் விழுவதும், அடிபடும் என்ற பயம் நமக்கு வராமல் சிரிப்பு வருவதும் இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் பின்னால் இருக்கும் கடலைப் பாருங்கள். நடிகர் எவ்வளவு நன்றாக நடித்தாலும் அலை காட்டிக்கொடுத்துவிடும். 8 நொடிக்கு ஒருமுறை கரையில் விழும் அலை இப்போது 4 நொடிக்கு ஒருமுறை விழுகிறது. ஆழ்கடலில் அவ்வளவு குறைந்த இடைவெளியில் வரும் அலைக்கு நீளமும் நான்கில் ஒரு பங்குதான். நம் கண்ணுக்கு இந்தக் கணக்கு பழக்கத்தில் தெரியும். எனவே கடல் சட்டென்று குளமாகச் சுருங்கிவிடுகிறது. பின்னாளில் தொட்டியில் பொம்மைக் கப்பலை மிதக்கவிட்டுப் படமெடுத்தவர்கள் இதையே தலைகீழாகச் செய்தார்கள்: கேமராவை வேகமாக ஓட்டி, சிற்றலையைப் பேரலையாக்கினார்கள்.

ஆளை மறையவைக்கும் தந்திரத்திலும் இதே சிக்கல்தான். கைப்பிடியை நிறுத்து, ஆளை மாற்று, மறுபடி சுற்று. சுவருக்கு முன்னால் இது அழகாக எடுபடும். கடலுக்கு முன்னால் செய்தால் நிறுத்திய இடத்தில் அலை ஒரு துள்ளல் துள்ளும்.

கடலின் இந்தப் பிடிவாதமே பலமாகிப்போன தந்திரம் ஒன்று உண்டு. அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: காலத்தைத் திருப்பி ஓட்டுவது. பிரான்சின் சினிமா முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் 1896-இல் இடிந்த சுவரைத் திரையில் எழுந்து நிற்க வைத்தார்கள். நீரில் குதிப்பவர்களையும் விரைவிலேயே இப்படித் திருப்பினார்கள். இதற்குக் கேமராவையே தலைகீழாகப் பிடித்து எடுக்கும் ஒரு வழி இருந்தது. கழுவியெடுத்த பிலிமின் அடி நுனியை மேலே வரும்படி அப்படியே அரைச்சுற்றுத் திருப்பினால் படம் நிமிர்ந்துவிடும், இடம் வலமும் சரியாக இருக்கும். கடைசிப் படம் முதலில் வந்துவிடும். 35 மில்லிமீட்டர் பிலிமின் இரு ஓரங்களிலும் ஒரேமாதிரி துளைகள் இருப்பதால் எந்திரத்திலும் அது சிக்கலில்லாமல் ஓடும்.

இப்போது திரையில் என்ன நடக்கிறது? அகன்று கிடக்கும் வட்ட அலைகள் ஒரு புள்ளியை நோக்கிச் சுருங்குகின்றன. சிதறிய துளிகள் காற்றில் எழுந்து ஒன்றுகூடுகின்றன. தண்ணீர் பிளந்து ஒரு மனிதரைக் கால் முதலாகத் துப்புகிறது. அவர் பறந்துபோய்ப் பலகையில் நிற்கிறார், உடம்பில் ஈரமே இல்லை! ஒவ்வொரு துளியின் பாதையையும் தனியாகப் பார்த்தால் இயற்கை விதி பெரிதாக எதுவும் உடையவில்லை. எறிந்த கல் ஏறும் வளைவும் இறங்கும் வளைவும் ஒன்றுதானே. ஆனால் கோடானுகோடித் துளிகளும் நீரில் கரைந்துபோன வெப்பமும் ஒரே கணத்தில், ஒரே இடத்தில் சரியாக வந்து கூட வேண்டும். அப்படி நேரும் வாய்ப்பு இல்லையென்றே சொல்லிவிடலாம். சிதறுவதற்கு எண்ணற்ற வழிகள் உண்டு, சேர்வதற்கோ மிகச் சில. காலத்துக்கு ஒரு திசை இருப்பதாக இயற்பியல் சொல்வதன் அடிப்படை இதுதான்.

பின்னோக்கி நடக்க மனிதரால் பழகிக்கொள்ள முடியும். திருப்பி ஓட்டுவதற்கென்றே அப்படி நடந்து எடுத்தால், திரையில் இயல்பாக முன்னே நடப்பதுபோலவே இருக்கும். தண்ணீருக்கு அந்தப் பயிற்சியைத் தரவே முடியாது. சாதாரணமாக நடந்துபோகும் அந்த மனிதருக்குப் பின்னால், அலை கரையிலிருந்து நுரையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து, கடலுக்குள் நிமிர்ந்து போய்க்கொண்டிருக்கும்.