வேலூர் தொகுதிக்கு எம்.பி. இல்லாம போன அந்த செஷன்

எலெக்‌ஷன் நேரம் வந்துட்டா என் ஆபீஸ்ல வந்து உக்கார்றவங்க கேக்கற கேள்வி அநேகமா ஒண்ணுதான். "சார், ரெண்டு பக்கமும் குடுக்கறாங்க, நம்ம பணத்தத்தான நமக்கே திருப்பித் தர்றாங்க, வாங்கிக்கிட்டு மனசாட்சிப்படி ஓட்டு போட்டா என்ன தப்பு?" தேர்தல் புகார், தேர்தல் மனு இதையெல்லாம் பாக்கற வக்கீல்ங்கறதால எங்கிட்ட கேக்கறாங்க. செக்‌ஷன் நம்பரச் சொன்னா யாரும் அசர மாட்டாங்க, அதனால வேலூர்ல என்ன ஆச்சுன்னு சொல்லுவேன்.

முதல்ல ஒண்ணு, வேலூர் எந்தக் கட்சிக்கும் கோட்டை கிடையாது. 1967, 71ல திமுக, 77ல ஸ்தாபன காங்கிரஸ், 80ல அப்துல் சமது சுயேச்சையா நின்னு ஜெயிச்சார், 84ல அதிமுகவுல ஏ.சி.சண்முகம், 89ல மறுபடியும் சமது, ஆனா இந்தத் தடவை காங்கிரஸ் வேட்பாளரா. 91ல காங்கிரஸ், 96ல திமுக, 98லயும் 99லயும் பாமக என்.டி.சண்முகம். 2004ல காதர் மொகிதீனும் 2009ல அப்துல் ரகுமானும் முஸ்லிம் லீக் ஆளுங்க, நின்னது உதயசூரியன்ல. 2014ல அதிமுக செங்குட்டுவன், ரெண்டாவது வந்தவர் அதே ஏ.சி.சண்முகம், இப்ப தாமரையில. வரிசையா பாத்தீங்கன்னா கூட்டணி மாறும்போதெல்லாம் இந்த ஊர் ஜனங்க எம்.பி.யை மாத்திக்கிட்டே வந்திருக்காங்க, யோசிச்சு ஓட்டு போடற ஊருன்னுதான் நான் சொல்லுவேன்.

இன்னொண்ணு, 2009க்கு முன்னாடி இருந்த வேலூரும் இப்ப இருக்கற வேலூரும் ஒண்ணு இல்ல. தொகுதி மறுவரையறையில காட்பாடி அரக்கோணத்துக்குப் போயிடுச்சு, ஆரணி தனி மக்களவைத் தொகுதி ஆயிடுச்சு, இப்ப வாணியம்பாடியும் ஆம்பூரும் இந்தத் தொகுதியிலதான். வேலூர்ல இருந்து பாலாத்துப் பாலத்தத் தாண்டினா அந்தப் பக்கம் காட்பாடி, ஆனா அங்க இருக்கறவங்களுக்கு எம்.பி. வேற. மாவட்டத்தப் பிரிச்சதுக்கு அப்புறம் வாணியம்பாடி, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிடுச்சு, தொகுதி மட்டும் வேலூர்தான். புகார் எழுதறவங்க இந்த இடத்துலதான் ரொம்ப குழம்பறாங்க.

சரி, 2019க்கு வரேன். ஏப்ரல் 18 வாக்குப்பதிவு, பிரசாரம் முடியப்போகுது. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி வருமான வரித்துறை ரெய்டுல ஒரு சிமெண்ட் குடோன்ல இருந்து 11 கோடிக்கு மேல பணம் எடுத்தாங்க. பெரும்பாலும் 200 ரூபா கட்டு, அட்டைப்பெட்டியிலயும் மூட்டையிலயும் அடுக்கி வச்சு, எந்த வார்டுக்கு எவ்வளவுன்னு சீட்டு வேற. அது யாரோட பணம்ங்கறதுக்குள்ள நான் போகல, அது வழக்கு சம்பந்தப்பட்ட விஷயம், சம்பந்தப்பட்டவங்க மறுத்திருக்காங்க. எனக்கு உறுத்தறது அந்தச் சீட்டுதான். ஒவ்வொரு வார்டுலயும் வாங்கறதுக்கு ஆள் இருக்குன்னு கணக்கு போட்டுத்தான அத ஒட்டியிருக்காங்க.

ஏப்ரல் 16 ராத்திரி தேர்தல் ரத்து. தேர்தல் கமிஷன் சிபாரிசு பண்ணி ஜனாதிபதி உத்தரவு போட்டார். பணப் பட்டுவாடாவுக்காக நாட்டுல ஒரு மக்களவைத் தொகுதியோட தேர்தல் ரத்தானது அதுதான் முதல் தடவை. அதுக்கு முன்னாடி தமிழ்நாட்டுலயே அரவக்குறிச்சி, தஞ்சாவூர், ஆர்.கே.நகர் இப்படி ஆகியிருக்கு, ஆனா அதெல்லாம் சட்டமன்றம். ரத்தானதை எதிர்த்து வேட்பாளர் ஏ.சி.சண்முகம் ஹைகோர்ட் போனார், தள்ளுபடி ஆயிடுச்சு.

இதுக்கு அப்புறம் நடந்தத யாரும் பேசறதே இல்ல. புது மக்களவை ஜூன் 17ல கூடுச்சு, ஆகஸ்ட் 6ல முதல் கூட்டத்தொடர் முடிஞ்சுது. வேலூர்ல மறுபடி ஓட்டு போட்டது ஆகஸ்ட் 5, எண்ணினது ஆகஸ்ட் 9. அதாவது அந்தக் கூட்டத்தொடர் முழுக்க வேலூருக்கு எம்.பி.யே கிடையாது. பட்ஜெட் அப்பதான் வந்துச்சு. தகவல் உரிமைச் சட்டத்துல திருத்தம் அப்பதான். முத்தலாக் மசோதா ஜூலை 25ல மக்களவையில ஓட்டுக்கு வந்துச்சு, வாணியம்பாடி, ஆம்பூர்ல எத்தன முஸ்லிம் குடும்பம் இருக்கு, ஆதரிச்சோ எதிர்த்தோ அவங்க சார்பா எழுந்து பேச ஒரு ஆள் இல்ல. தேசிய மருத்துவ ஆணைய மசோதா அதே மாசம், சி.எம்.சி. ஆஸ்பத்திரியால ஊரே பொழைக்கிற இடம் வேலூர், அதுக்கும் ஆள் இல்ல. காஷ்மீர் 370 விஷயத்த ராஜ்யசபாவுல அறிவிச்ச அன்னைக்கு இங்க ஜனங்க பூத் வாசல்ல வரிசையில நின்னாங்க, மறுநாள் மக்களவையில அது ஓட்டுக்கு வந்தப்ப பதிவான ஓட்டு எல்லாம் சீல் வச்ச மெஷினுக்குள்ள கிடந்துச்சு. 200 ரூபா நோட்டுக்கு நம்ம குடுத்த விலை இது, வாங்காதவனும் சேர்ந்து குடுத்த விலை.

ரிசல்ட் என்ன தெரியுமா? திமுக கதிர் ஆனந்த் 4,85,340, இந்தத் தடவை இரட்டை இலையில நின்ன ஏ.சி.சண்முகம் 4,77,199. வித்தியாசம் 8,141. நோட்டாவுக்கு விழுந்தது மட்டும் 9,417. ஆறு சட்டமன்றப் பகுதியில மூணுல ஒருத்தர் முன்னிலை, மூணுல இன்னொருத்தர், வாணியம்பாடியில கிடைச்ச லீடுதான் முடிவையே மாத்துச்சு. இவ்வளவு நெருக்கமா போற தொகுதியில ஒரு தெருவுக்கு பட்டுவாடா பண்ணா என்ன ஆகும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. அதே ரெண்டு பேர் 2024ல மோதினப்ப வித்தியாசம் 2 லட்சத்தத் தாண்டிடுச்சு, அதனால இது எப்பவும் இழுபறித் தொகுதின்னும் சொல்ல முடியாது.

இப்ப அந்த மனசாட்சி கேள்விக்கு வரேன். வாங்கறதே குற்றம்ங்க. யாருக்கு ஓட்டு போட்டீங்கன்னு சட்டம் கேக்கறதே இல்ல. பழைய இந்திய தண்டனைச் சட்டம் ஐ.பி.சி.யில 171பி, இப்ப அதுக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்.ல 170, குடுக்கறவனுக்கும் வாங்கறவனுக்கும் ஒரே பிரிவு, ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டும். நடைமுறையில வாங்கினவங்கள பிடிச்சு உள்ள வச்சது அபூர்வம்னு எனக்கும் தெரியும், ஆனா டோக்கனோட மாட்டிக்கிட்டு ஸ்டேஷன்ல உக்காந்திருக்கற வயசான அம்மாக்களுக்காக பேசப் போறது எங்க வேலையா இருக்கு, குடுத்தவன் அந்தப் பக்கம் தலையே காட்ட மாட்டான்.

புகார் குடுக்கணும்னா தேர்தல் கமிஷனோட சி-விஜில் ஆப்ல அங்கயே நின்னு போட்டோ இல்ல வீடியோ எடுத்து அனுப்புங்க, கேலரியில இருந்து பழைய படத்த அது ஏத்துக்காது. பேர் சொல்லாமயும் அனுப்பலாம், 100 நிமிஷத்துக்குள்ள நடவடிக்கைன்னு கணக்கு, ஆனா பேர் இல்லாம அனுப்பினா பின்னாடி என்ன ஆச்சுன்னு ஆப்ல பாக்க முடியாது, அதனால எந்த இடம், எத்தன மணின்னு தனியா குறிச்சு வச்சுக்கோங்க. ஆப் வராதவங்க வாக்காளர் உதவி எண் 1950க்கு போன் பண்ணுங்க. ரிசல்ட் வந்ததுக்கு அப்புறமும் கதவு மூடிடல. ஜெயிச்சவர் தரப்புல பணம் குடுத்தாங்கன்னு ஆதாரம் இருந்தா 45 நாளைக்குள்ள ஹைகோர்ட்ல தேர்தல் மனு போடலாம், தோத்த வேட்பாளர்தான் போடணும்னு இல்ல, அந்தத் தொகுதி வாக்காளர் யார் வேணாலும் போடலாம், டெபாசிட் 2,000 ரூபா. 45 நாள் தாண்டிட்டா ஒரு நாள்கூட தளர்த்த மாட்டாங்க, அதனால ஆதாரத்த கையில வச்சுக்கிட்டு யோசிச்சுட்டே இருக்காதீங்க.