புயல் நிவாரணம்: குமரி எல்லைப் பகுதியில் யாருக்கு, எவ்வளவு, எந்தக் கணக்கில்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கடந்துபோன பிறகு, விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்த தோட்டங்களில் அதிகம் கேட்ட கேள்வி, அரசு எவ்வளவு தரும் என்பதுதான். அரசு தருவது இழப்பின் மதிப்பு அன்று. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் கீழ் அமைந்த மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து, முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட உதவித்தொகைதான் கிடைக்கும். தமிழ்நாடு, கேரளம் போன்ற மாநிலங்களில் இந்த நிதியில் 75 விழுக்காட்டை மத்திய அரசும் 25 விழுக்காட்டை மாநில அரசும் செலுத்துகின்றன. கீழே சொல்லப்படும் தொகைகள் 2022-23 முதல் 2025-26 வரைக்கென மத்திய உள்துறை அமைச்சகம் வகுத்த நெறிமுறையில் உள்ளவை.

உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய். சமவெளிப் பகுதியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம், குடிசைக்கு 8,000. ஓட்டு வீட்டின் மேல் தென்னை சாய்ந்து ஒரு பக்கம் மட்டும் உடைந்திருந்தால், சேதம் குறைந்தது 15 விழுக்காடு இருக்கவேண்டும். அப்போதும் உறுதியான கட்டடத்துக்கு 6,500, மண் சுவர் போன்ற உறுதியற்றதற்கு 4,000 என்பதே கணக்கு. வீடு அனுமதி பெற்ற கட்டடம் என்று உரிய அதிகாரி சான்றளிக்கவேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆகவே மரத்தை வெட்டி அகற்றுவதற்கு முன், வீட்டு எண்ணும் உடைந்த பகுதியும் ஒருசேரத் தெரியும்படி படம் எடுத்துவைப்பது நல்லது. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்ப்பதற்குள் கூரையைச் சரிசெய்துவிட்டவர்களுக்கு அந்தப் படமே கைகொடுக்கும்.

பயிருக்கான கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். 33 விழுக்காடும் அதற்கு மேலும் அழிந்திருந்தால், பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, ரப்பர், தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 22,500. இரண்டு ஹெக்டேர் வரை மட்டுமே. ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 247 சென்ட் என்பதால், ரப்பருக்குச் சென்டுக்குச் சுமார் 91 ரூபாயும், பாசன வாழைக்குச் சுமார் 69 ரூபாயும் விழுகிறது. இருபது சென்ட் ரப்பர் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கில் 1,820 ரூபாய்தான் வரும் என்றாலும், பல்லாண்டுப் பயிருக்குக் குறைந்தபட்ச உதவி 2,500 என்று நெறிமுறையே சொல்வதால் அதையே கேட்டுப் பெறவேண்டும். பாசன வாழைக்கு அந்தக் குறைந்தபட்சம் 2,000. நட்டு ஏழாண்டு காத்திருந்து பால் வெட்டத் தொடங்கிய மரத்துக்கு இது ஈடாகாது என்பதில் ஐயமில்லை. பயிர்க் காப்பீடு செய்தவர்கள், தனித் தோட்டத்துக்கு நேர்ந்த சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும்; அது இந்த நிவாரணத்திலிருந்து வேறான வழி.

முழுவதும் சேதமான படகுக்கு 15,000, வலைக்கு 4,000 என்ற தொகை படகின் பின்புறம் மாட்டும் வெளிப்பொருத்து எஞ்சினின் விலைக்குக்கூட எட்டாது. இதனால்தான் மாநில அரசு நெறிமுறைத் தொகைக்கு மேல் கூட்டித் தருவது வழக்கமாகிவிட்டது: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பின் தமிழ்நாடு அரசு உயிரிழப்புத் தொகையை 5 லட்சமாக உயர்த்தியது, ஒக்கியில் தமிழ்நாடும் கேரளமும் தத்தம் மீனவர் குடும்பங்களுக்கு 20 லட்சம் அறிவித்தன. ஆனால் அத்தகைய கூடுதல் தொகை அந்தந்தப் புயலுக்கான அறிவிப்பு மட்டுமே. அடுத்த புயலுக்கும் அதுவே உரிமை என்று எண்ணக்கூடாது.

கடலில் காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு நிலைமை இன்னும் கடினம். ஏழாண்டுகள் தகவலே இல்லாவிட்டால்தான் இறந்தவராகக் கருதலாம் என்பது பொதுவான சாட்சியச் சட்டம் (இப்போது பாரதிய சாட்சிய அதினியம், பிரிவு 111). பேரிடர்களில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க அரசு தனி நடைமுறையை அறிவிக்கமுடியும். 2013 உத்தராகண்ட் வெள்ளத்திலும் 2024 வயநாடு நிலச்சரிவிலும் காணாமற்போனோருக்கு அப்படிச் செய்யப்பட்டது. அதற்கும் அடிப்படை, காணவில்லை என்று காவல் நிலையத்தில் கொடுத்த புகார். குமரி மாவட்டக் கடலோரக் கிராமங்களான தூத்தூர், சின்னத்துறை, நீரோடிப் பகுதியிலிருந்து கொச்சி சென்று ஆழ்கடலுக்குப் போகிறவர்கள், படகில் யார் யார் ஏறினார்கள் என்ற பட்டியலைக் கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது இதனாலும் அவசியம்.

எல்லையில் குழப்பம் பெரும்பாலும் நிலத்தால் வருகிறது. வீடு களியக்காவிளையிலும் தோட்டம் பாறசாலையிலும் இருந்தால், பயிர்ச் சேதத்துக்கு நிலம் உள்ள கேரளத்தின் வேளாண் அலுவலகமான கிருஷி பவனைத்தான் அணுகவேண்டும். தமிழ்நாட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் அந்தச் சர்வே எண்ணுக்குக் கணக்கே இருக்காது. எந்தச் சீற்றம் பேரிடர் என்பதிலும் வேறுபாடு உண்டு. மேற்சொன்ன 2022-26 நெறிமுறைக்கான மத்திய அரசின் பேரிடர்ப் பட்டியலில் புயல், வெள்ளம், நிலச்சரிவு, மேகவெடிப்பு ஆகியவை இருந்தன, இடிமின்னல் இல்லை. நிதியில் 10 விழுக்காடு வரை மாநிலம் தானாக அறிவிக்கும் பேரிடர்களுக்குச் செலவிடலாம் என்பதால், கேரளம் இடிமின்னலையும் தமிழ்நாடு 2024-இல் வெப்ப அலையையும் அவ்வாறு அறிவித்தன.

கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் விடுபட்டால், வட்டாட்சியரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை பெறவேண்டும். அங்கே நகராவிட்டால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கலாம். மனுவுடன் குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், பட்டா அல்லது படகுப் பதிவுச் சான்று ஆகியவற்றின் நகல்களை இணைக்கவேண்டும். புயல் நாளில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை அழைப்பதற்கான கட்டணமில்லா எண் 1077.