இரண்டாம் எழுத்தின் வேலை

தமிழகத்தை ஒட்டிய கேரள எல்லையூரான கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் ஒரு கவரிங் கடை. எடுத்த வளையலைக் கீழே வைக்க மனமில்லாமல் நின்ற மகளிடம், "மின்னறதெல்லாம் பொன்னல்ல கண்ணு" என்றார் தாய். கடைக்காரர் சிரித்தபடி, "மின்னுன்னதெல்லாம் பொன்னல்ல" என்று மலையாளத்தில் அதையே திருப்பிச் சொன்னார். மொழி மாறியும் எதுகை மாறவில்லை. இனி, பொன்னை எடுத்துவிட்டுத் தங்கத்தை வைத்துப் பாருங்கள்: "மின்னுவதெல்லாம் தங்கமல்ல." பொருளில் குன்றிமணியளவும் குறையவில்லை; ஆனால், மறுத்துப் பேச முடியாத ஓர் உறுதி அந்தத் தொடரிலிருந்து போய்விட்டது.

இந்த உறுதி எங்கிருந்து வருகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர்களான மெக்லோனும் தோஃபிக்பக்‌ஷும் 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் சோதித்தனர். அதிகம் அறியப்படாத ஆங்கிலப் பழமொழிகளை, இறுதி ஓசை ஒன்றுவதாகிய இயைபோடும், ஒரு சொல்லை மட்டும் மாற்றி இயைபைக் குலைத்தும் கொடுத்து, மனித இயல்பை அவை எவ்வளவு சரியாகச் சொல்கின்றன என்று கேட்டனர். இயைபுள்ளவையே அதிக உண்மையாகத் தோன்றின. இயைபு இருப்பதால் ஒரு கூற்று உண்மையாகுமா என்று நேரடியாகக் கேட்டபோதோ, பங்கேற்றவர்கள் இல்லை என்றனர்.

முதற்சொல்லைக் கேட்டதும் அதன் ஓசை காதில் தங்குகிறது. அதே ஓசையோடு அடுத்த சொல் வரும்போது மூளை அதை எளிதில் பற்றிக்கொள்கிறது. எளிதில் பிடிபட்டதை, முன்பே அறிந்ததாகவும் ஆகவே நம்பத்தக்கதாகவும் மனம் கணக்கிட்டுவிடுகிறது. ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மைபோலத் தோன்றுவதற்கும் இந்த எளிமையே பெரிதும் காரணம் என்பர்.

ஆங்கிலம் அடியின் இறுதியில் தேடும் இந்த ஒப்புமையைத் தமிழ் சொல்லின் தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டது. நம் மொழியில் பகுதி முன்னும் விகுதி பின்னும் நிற்பதால், 'வந்தான், போனான்' என இறுதி ஒப்புமை இலக்கணமே இலவசமாகத் தருவது, அதில் வியப்பில்லை. முதலெழுத்து அளவொத்து நிற்க இரண்டாம் எழுத்து ஒன்றுவதாகிய எதுகையோ, பொருளைச் சுமக்கும் பகுதிகளையே இணைத்துக் கட்டுகிறது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதில் மாதமும் வினையும் ஒரே முடிச்சில் விழுவதைக் காணலாம். எல்லை கடந்தாலும் இம்முடிச்சு அவிழ்வதில்லை. தெலுங்கில் அது பிராசம். கேரளத்தின் 14ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான லீலாதிலகம், 'பாட்டு' என்னும் பழைய செய்யுள் வகைக்கு எதுகையையும் மோனையையும் இலக்கணமாகவே வைத்தது. துவிதீயாட்சரப் பிராசம், அதாவது இரண்டாம் எழுத்து எதுகை, கவிதைக்கு வேண்டுமா என்று மலையாளக் கவிஞர்களான கேரளவர்மா வலியகோயித்தம்புரானும் ஏ. ஆர். ராஜராஜவர்மாவும் எதிரெதிர் அணிகளில் நின்ற விவாதம் மலையாளிகள் நன்கறிந்தது. இந்த எல்லைப்புறத்தில் இரு மொழியும் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு இது பெருஞ்செல்வம் என்றே கருதுகிறேன்.

அதே ஆய்வில், ஓசைநயத்தைப் பொருளிலிருந்து பிரித்து மதிப்பிடுமாறு முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களிடம் இயைபின் செல்வாக்குக் குறைந்தது. ஆகவே, ஒரு பழமொழியின் உறுதி ஓசையால் வந்ததா பொருளால் வந்ததா என்று அறிய, ஓரிரு சொல்லை மாற்றிப் பார்ப்பதே போதும். 'அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டார்' என்று மோனையின் பலத்தில் பிள்ளைகளின் முதுகில் எத்தனை பிரம்புகள் விழுந்திருக்கின்றன! அதையே "பிரம்பு உதவுவதுபோல் உடன்பிறந்தார் உதவமாட்டார்" என்று சொன்னால், கேட்பவர் உடனே, "அது எப்படி?" என்று கேட்பார்.