ஆண்டிவைரஸை நிறுத்தச் சொல்கிறதா? அங்கேயே நில்லுங்கள்

மூன்று வருடம் முன்பு ஜெராக்ஸ் கடை நடத்தும் அக்கா ஒருவர் சிபியுவைத் தூக்கிக்கொண்டு என் சர்வீஸ் கடைக்கு வந்தார். "தம்பி, ஒரு ஃபைலும் திறக்க மாட்டேங்குது" என்றார். போட்டுப் பார்த்தால் ஃபோல்டருக்கு ஃபோல்டர் 'ரீட்மீ' என்று ஒரு நோட்பேட் ஃபைல். 980 டாலர் கொடுத்தால் சாவி தருவோம், 72 மணி நேரத்துக்குள் பேசினால் 490 போதும் என்று அதில் எழுதியிருந்தது. வாடகை ஒப்பந்தங்கள், மாணவர்களின் ப்ராஜெக்டுகள், மகளின் காதுகுத்துப் படங்கள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன. பேக்கப் கிடையாது.

அது ஸ்டாப் டிஜேவியு என்ற ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். காசு கொடுக்காமல் மென்பொருளை ஓட்டவைக்கும் கிராக், ஆக்டிவேட்டர் வழியாகத்தான் பெரும்பாலும் வரும். முந்தைய நாள் கடைப் பையன் எம்எஸ் ஆபீஸுக்கு ஒரு ஆக்டிவேட்டர் இறக்கியிருக்கிறான். 'ஆண்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓட்டவும்' என்று அதிலேயே போட்டிருந்தது. நிறுத்தியிருக்கிறான்.

"இலவசமாத்தானே கிடைச்சுது" என்று அக்கா கேட்டதை இன்றும் வாரத்துக்கு நாலு பேர் சொல்லக் கேட்கிறேன். கிராக் என்பது அடுத்தவர் போட்ட பூட்டை உடைப்பது. உடைத்தவர் யார், உள்ளே என்ன வைத்தார் என்று நமக்குத் தெரியவே தெரியாது. கட்டற்ற மென்பொருளில் பூட்டே இல்லை. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தபோது கேட்டது விலைக் குறைப்பை அல்ல. எதற்கும் பயன்படுத்தலாம், அது எழுதப்பட்ட மூலநிரலைப் படித்து மாற்றலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் பகிரலாம் என்ற உரிமையைத்தான். ஆங்கிலத்தில் இதற்குச் சொல்லும் 'ஃப்ரீ' என்ற சொல் இலவசம் என்றும் பொருள் தந்து குழப்பும். நமக்கு 'கட்டற்ற' என்று தெளிவான சொல்லே இருக்கிறது.

அதிலும் ஆபத்து வராமல் இல்லை. 2024 தொடக்கத்தில், ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறிய கட்டற்ற நிரலுக்குள் ஒருவர் பின்கதவு, அதாவது ரகசிய நுழைவு வழி, வைத்துவிட்டார். சர்வருக்குள் நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டப்போய்த்தான் அது வெளியே வந்தது. தோண்டிப் பார்க்க வழி இருந்தது, அதுதான் முக்கியம்.

சரி, அக்காவுக்கு என்ன செய்தேன்? புது ஹார்ட் டிஸ்க் போட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட்டும் எம்எஸ் ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸும் ஏற்றினேன். முதல் வாரம் தினமும் போன். வாடிக்கையாளர்கள் பென்டிரைவில் கொண்டுவந்த பாமினி எழுத்துரு ஃபைல்கள் கன்னாபின்னாவென்று தெரிந்தன. எழுத்துருவை ஏற்றியதும் சரியாகிவிட்டது. தமிழ்99 விசைப்பலகையும் அமைத்துக் கொடுத்தேன்.

எல்லோருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். டேலியிலும் கோரல்டிராவிலும் பிழைப்பு நடத்துகிறவர்கள் உரிமம் வாங்குவதே நல்லது. ஆனால் டைப்பிங், பிரவுசிங், படம் பார்ப்பதற்குக் கிராக் எதற்கு? விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. 11 ஏறாத பழைய கணினிகள் பலவற்றில் மின்ட் நன்றாகவே ஓடுகிறது.

ஒரு விஷயம். விஎல்சியோ லிப்ரே ஆபீஸோ, அந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள், அதில் போலிகள் உண்டு.

அக்காவின் பழைய ஹார்ட் டிஸ்க்கை நான் அழிக்கவில்லை. இந்த ரான்சம்வேரின் சில வகைகளுக்கு இலவச மீட்புக் கருவி வந்திருக்கிறது, அவருடையதற்கு இன்னும் இல்லை. கவரில் போட்டுப் பெயர் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன். காதுகுத்துப் படங்கள் அதில்தான் இருக்கின்றன.