லேபர் ஒஃபிஸில முறைப்பாடு குடுத்தாப் பிறகு உங்கட ஃபைலுக்கு என்ன நடக்குது?

யாழ்ப்பாணத்தில புடவைக்கடை, ஃபார்மசி, ஹாட்வெயார், டியூட்டரி எண்டு வேலை செய்யிற கன பேர் என்னட்ட கேக்கிறது ஒண்டுதான், "சேர், லேபர் ஒஃபிஸில சொல்லி என்ன வரப்போகுது, முதலாளிக்குத் தெரிஞ்சா இருக்கிற வேலையும் போயிடும்". நான் இப்ப கடை கடையாப் போய் விசாரிக்கிற ஆள் இல்லை, விசாரிக்கிற தொழில் உத்தியோகத்தர்மாரை மேற்பார்வை செய்யிறதும் அவையள் கொண்டு வாற ஃபைலை வாசிச்சு இது கோர்ட்டில நிக்குமா விழுமா எண்டு பாக்கிறதும்தான் என்ர வேலை. அந்தக் கதிரையில இருந்து பாக்கேக்க தெரியிற சிலதை உங்களுக்குச் சொல்லத்தான் வேணும்.

இங்க நான் சொல்லுறது முதலாளி ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி, வயசு போனாப் பிறகு எடுக்கிற சேமிப்பு) கட்டாத முறைப்பாடுகளைப் பற்றித்தான்; முதல் சட்டத்தைக் கெதியாச் சொல்லிவிடுறன். ஈ.பி.எஃப் சட்டம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம். சம்பளத்தில 8 வீதம் உங்கட பங்கு, 12 வீதம் முதலாளி தன்ர காசில போடோணும், உங்கட சம்பளத்தில ரெண்டையும் வெட்டுறது பிழை. ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், அது முழுக்க முதலாளியின்ர. 30,000 சம்பளம் எண்டா மாசம் 6,000 ஈ.பி.எஃப்க்கும் 900 ஈ.டி.எஃப்க்கும் போகோணும். கடையில ஒராள்தான் சம்பளத்துக்கு நிக்கிறா எண்டாலும் கட்டோணும், "இப்பதானே சேந்தவா, ஆறு மாசம் பாப்பம்" எண்ட கதை சரிவராது, முதல் நாளில இருந்தே கணக்கு. அடுத்த மாசக் கடைசிக்குள்ள கட்டாட்டி மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில தொடங்கி ஒரு வருசம் தாண்டினா 50 வீதம் வரைக்கும் ஏறும்.

இனி ஃபைல். புதுசா வாற உத்தியோகத்தர்மார் படிச்ச கெட்டிக்காரப் பிள்ளையள், சட்டப் பிரிவெல்லாம் பாடம், ஆனா முதல் ஃபைலில அநேகமா ஒரே மாதிரித்தான் எழுதிக்கொண்டு வருவினம், "இந்நிறுவனத்தில் 4 ஊழியர்கள் பணிபுரிகின்றனர்" எண்டு. தம்பி, உமக்கு எப்பிடித் தெரியும் 4 எண்டு? "முதலாளி சொன்னவர் சேர்". நீர் எத்தினை பேரைக் கண்டனீர்? மேல் மாடிக்குப் போனனீரா? மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டி எத்தினை இருந்தது? கண்டதை ஒரு பக்கம் எழுது, சொன்னதை யார் சொன்னது எண்டு போட்டு இன்னொரு பக்கம் எழுது, நீர் நினைக்கிறதைக் கடைசியா எழுது. இந்த மூண்டும் கலந்துபோன ஃபைலை நான் திருப்பித்தான் குடுப்பன், ஏனெண்டா எதிர்த் தரப்பு லோயர் முதல் கை வைக்கிற இடம் அதுதான்.

ஒரு புடவைக்கடை விசயம் சொல்லுறன். வேலை செய்த அக்கா ஒம்பது வருசம் எண்டுறா, முதலாளி ரெண்டு வருசம் எண்டுறார், சைன் வைக்கிற கொப்பியையும் காட்டினார். விசாரிச்ச தங்கச்சி அந்தக் கொப்பியை அப்பிடியே ஃபோட்டோ எடுத்து ஃபைலில போட்டிருந்தா. நான் எடுத்துப் பாக்கேக்க ரெண்டு வருசத்துக் கையெழுத்தும் ஒரே நீலப் பேனை, ஒரே அழுத்தம், தீபாவளிச் சீசனில கூட ஒருத்தர் பிந்தி வரேல்லை, லீவு எடுக்கேல்லை, கொப்பியின்ர மூலை கூட மடியேல்லை. ஒவ்வொரு நாளும் பத்துப் பதினைஞ்சு கை படுற கொப்பி அப்பிடி இருக்காது. திரும்பப் போய் பழைய பில் கொப்பியைக் கேக்கச் சொன்னன். புடவைக்கடையில பில்லின்ர மூலையில வித்த ஆளின்ர எழுத்தொண்டு போடுவினம், கொமிஷன் பாக்கிறதுக்கு. கார்பன் கொப்பியில ஏழு வருசத்துக்கு முந்தின திகதியில அந்த அக்காவின்ர எழுத்து கிடந்தது. அதுக்கு முந்தின ரெண்டு வருசத்துக்கு அவ வீட்டில வச்சிருந்த கலண்டர்த் தாளுகள் உதவிச்சுது, வேலைக்குப் போன நாளுக்கு வட்டம் போட்டு சம்பளம் வாங்கின திகதியில தொகையையும் எழுதி வச்சிருக்கிறா.

இவ்வளவு கவனம் ஏன் எண்டு கேப்பியள். முதலாளி கட்டாட்டி ஈ.பி.எஃப் சட்டம் 38(2) பிரிவின் கீழ நிலுவைத் தொகையைப் போட்டு ஒரு சான்றிதழ் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும், நீதிமன்றம் அதைத் தண்டப்பணம் மாதிரி அறவிடும். அங்க போய் ஒம்பது வருசமா ரெண்டு வருசமா எண்டு முதல்ல இருந்து கிண்டிக்கொண்டு இருக்கிறேல்லை. அப்ப அந்தத் தொகை வெளிக்கிட முந்தி எங்கட மேசையில சரியா இருக்கோணும், ஊழியருக்குக் குறையவும் கூடாது, முதலாளிக்கு அநியாயமாக் கூடவும் கூடாது. முதலாளியின்ர பக்கத்தையும் முழுக்கக் கேட்டு, எழுதி, வாசிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்காத ஃபைலுக்கு நான் சைன் வைக்கிறேல்லை. சின்னக் கடை வச்சிருக்கிற கன பேருக்கு உண்மையிலேயே சட்டம் தெரியாது, அவைக்கு விளங்கப்படுத்தினா தவணை முறையில கட்டுவினம்.

எங்கட ஊரில இன்னொரு கரைச்சல் இருக்கு. ஆரைத் தொட்டாலும் சொந்தம், இல்லாட்டி ஒரே பள்ளிக்கூடம், இல்லாட்டி ஒரே கோயில் உபயகாரர். "சேர், அது எங்கட மாமாவின்ர கடை" எண்டு ஒரு உத்தியோகத்தர் தானா வந்து சொன்னா எனக்கு அவரில மரியாதை கூடும், அந்த ஃபைலை அப்பவே வேற ஆளிட்டக் குடுப்பன். சொல்லாம மறைச்சுப் போனாத்தான் பிரச்சினை. ஐ.எல்.ஓ.வின்ர (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) 1947ஆம் ஆண்டு 81ஆம் இலக்கச் சமவாயம், இலங்கை 1956இல ஏற்றுக்கொண்டது, அதில இது தெளிவா இருக்கு: பரிசோதிக்கப் போற ஆளுக்கு அந்த நிறுவனத்தில நேரடியாவோ மறைமுகமாவோ ஒரு நலனும் இருக்கக்கூடாது, முறைப்பாடு எங்கயிருந்து வந்தது எண்டதையும் வெளியில விடக்கூடாது. அதனால நான் பிள்ளையளுக்குச் சொல்லுறது, கடைக்குள்ள போய் ஒரு ஆளின்ர பேரை மட்டும் கேக்காதையுங்கோ, எல்லாற்ற பதிவையும் எடுங்கோ, ஆரையும் முதலாளிக்கு முன்னால வச்சுக் கதைக்காதையுங்கோ, முதலே ஃபோன் பண்ணிப்போட்டுப் போகாதையுங்கோ. நல்லூர்த் திருவிழாவுக்கு முந்தியோ தீபாவளிக்கு முந்தியோ ஒரு உடுப்பு பாக் கையில தந்தா அங்கயே வச்சிட்டு வாங்கோ, அது ஆயிரம் ரூபா ஷேர்ட் எண்டாலும் அந்த ஊழியருக்கு அதோட உங்களில நம்பிக்கை போச்சு.

வேலை செய்யிற ஆக்கள் பொதுவா, பொம்பிளையள் எண்டா 50 வயசில, ஆம்பிளையள் எண்டா 55இல, காசு எடுக்க வரேக்கதான் கட்டேல்லை எண்டு கண்டுபிடிக்கினம். அதுக்குள்ள கடை கைமாறியிருக்கும், முதலாளி கனடா போயிருப்பார், கூட வேலை செய்த ஆக்களைத் தேடேலாது. இப்பவே பாருங்கோ. சம்பளத் துண்டு, சம்பளம் வந்த பாங்க் புத்தகம், முதலாளி "நாளைக்கு வெள்ளனவா வாரும்" எண்டு அனுப்பின வாட்ஸ்அப், கடை யூனிஃபோமில நிண்டு எடுத்த ஃபோட்டோ, கொமிஷன் எழுதின சிகரெட் மட்டை எண்டாலும் எறியாதையுங்கோ. இதில எது கடைசியா உதவும் எண்டு முன்கூட்டிச் சொல்லேலாது.

முறைப்பாடு குடுத்தா அதின்ர இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கோ, விசாரிக்கிறது ஆர் எண்டும் கேளுங்கோ. கன நாளா ஒரு அசைவும் இல்லையெண்டா அவரோட மட்டும் நிக்காமல் அந்த இலக்கத்தோட மேல இருக்கிற அதிகாரியை நேர வந்து காணுங்கோ. அப்பிடி வாறவையைக் கண்டு கதைக்கிறது எங்கட வேலைதான், அதுக்கு ஆரின்ர ரெக்கமெண்டேஷனும் தேவையில்லை.